பிச்சைமணி கேட்ட பளபளப்பு

ஏலக்காயை முதலில் காதுக்குத்தான் கொடுப்பார் பிச்சைமணி. சாக்கின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, வலது காதருகே கொண்டுபோய்க் குலுக்குவார். கலகலவென்று கேட்டால் காய் பதமாகக் காய்ந்திருக்கிறது. சத்தம் அமுங்கினால் ஈரம். அப்புறம்தான் ஒரு காயைக் கட்டைவிரல் நகத்தால் பிளப்பது, மோந்து பார்ப்பது எல்லாம். தோட்டக்காரர் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். "கண்ணுக்குப் பச்சையப் பூசிருவீங்கெ. காதுக்கு என்னத்தப் பூசுவீங்கெ?" என்று கேட்டுவிட்டு, பிடியை மறுபடியும் சாக்குக்குள்ளேயே விடுவார். ஒரு காய் கீழே சிந்தாது.

வயது ஐம்பத்தேழு. வெள்ளைச் சட்டை, நாலு முழ வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று அவர் கையெழுத்துப் போட. மற்றது, எதிரே இருக்கிற படித்தவர்கள் பேனா கேட்டால் எடுத்து நீட்ட. நீட்டும்போது கணக்கர் அமாவாசையை ஒரு பார்வை பார்ப்பார். 'நம்மகிட்டத்தான் கேக்குறாங்கெ, பாத்துக்க' என்று அதற்கு அர்த்தம். கழுத்து இடப்பக்கம் திரும்பாது. பதின்மூன்று வயதில் போடிமெட்டுக்கு மேலிருந்து தலைச்சுமையாக மூட்டை இறக்கிய கழுத்து, அன்றைக்கே இறுகிவிட்டது. இடப்பக்கம் நின்று யாராவது கூப்பிட்டால் உடம்பையே முழுதாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். திமிரும் உண்டு.

"நாலாங்கிளாசு. அதுலயும் பாதிதான்." மற்றவர்கள் பட்டத்தைச் சொல்கிற தோரணையில் இதைச் சொல்வார். போடிநாயக்கனூரில் எழுபத்தொன்றில் சொந்தமாகக் கமிஷன் கடை போட்டார். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் காயைத் தரம் பிரித்து, லாட்டு லாட்டாக எண் போட்டு, ஏலத்துக்கு விட்டுக் கொடுக்கிற தொழில். எழுபத்து நாலில் டெலிபோன் வந்தது. எழுபத்தொன்பதில் கார். ஒவ்வொன்றும் அந்தத் தெருவுக்கு அவர் வழியாகத்தான் வந்தது என்பதை வருகிற ஆளெல்லாம் தெரிந்துகொள்ளாமல் போகக்கூடாது. எண்பத்தெட்டு சித்திரையில் கம்ப்யூட்டர் வாங்கினார்.

அதற்காகக் காய் சலிக்கிற இடத்தின் மூலையில் கண்ணாடி அறை கட்டி, ஏசி வைத்தார். செருப்பை வெளியே விட வேண்டும். திரையின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டரை அவர் ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. "அவரு இப்பத்தான் முழிச்சிருக்காரு, செத்த இருங்க" என்பார். பொட்டிபுரத்திலிருந்தும் மலையிலிருந்தும் வருகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள். "நம்ம வீட்டு மாட்டுக்குக்கூட இம்புட்டு நெழல் கெடையாதுண்ணே" என்றார் மொக்கையன். வரப்பில் வளர்ந்து, மலையில் ஆறு ஏக்கர் தோட்டம் வாங்கியவர். பிச்சைமணிக்குப் பழைய வாடிக்கை. "மாடு கணக்குப் போடுமாடா?" என்றார் பிச்சைமணி. சிரிப்பு சலிக்கிற இடம் வரை கேட்டது.

அந்த மிஷினை ஓட்டியவள் சந்திரவல்லி. இருபத்து நாலு வயது. தாயார் வீரலட்சுமி, ஜீப்பில் மலையேறிப் போய்க் காய் பறிக்கிறவள். பத்தாவது முடிக்கிற வரை லீவு நாளெல்லாம் சந்திரவல்லியும் கூடப் போய்ப் பறித்தவள்தான். பிறகு டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, பிச்சைமணி கடைக்குத் தட்டச்சு வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டர் வந்ததும் பதினைந்து நாள் மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். மாதம் முந்நூற்றைம்பது ரூபாய். ஜீப்பு, அட்டைக்கடி, மழைச்சாக்கு எல்லாவற்றிலிருந்தும் அவளைக் கீழே இறக்கி உட்கார வைத்தது அந்த நாற்காலிதான். அதை அவள் ஒருநாளும் அழுக்காக விட்டதில்லை.

வேலையில் சூட்டிகை. லாட்டு எண், தோட்டக்காரர் பெயர், எடை, போன வார விலை எல்லாவற்றையும் எடிட்டரில் அடிப்பாள். எடிட்டர் என்பது எழுதித் திருத்துகிற இடம். அதைவிட்டு வெளியே வந்து ஏல லிஸ்ட் போடுகிற புரோகிராமை ஓட்டி, திரையில் பார்த்து, மறுபடி உள்ளே போய்த் திருத்துவது என்றால் பாதி நாள் ஓடிவிடும். எடிட்டருக்குள் இருந்தபடியே வெளிக் கட்டளையை ஏவ ஒரு வழி இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். ஏவினால் லிஸ்ட் முழுவதும், எழுதிக்கொண்டிருக்கிற பக்கத்திலேயே வந்து விழும். தலைப்பைப் போட்டு, பெயரைச் சரிபார்த்து, அங்கிருந்தே அச்சுக்கு அனுப்பிவிடலாம். பிச்சைமணிக்கு இது பிடித்துப்போயிற்று. "வீட்ட விட்டு எறங்காமயே கடைக்காரன வாசலுக்குக் கூப்புடுறாப்ல" என்று எல்லோருக்கும் விளக்குவார். ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

புரட்டாசி கடைசியில் அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த தம்பி மதுரையிலிருந்து பணம் வாங்க வந்தான். சந்திரவல்லி அன்றைக்கு லீவு. பிச்சைமணி அவனைத் திரை முன் உட்கார வைத்தார்.

"தம்பி, லிஸ்ட்டப் பாத்தா எல்லா எழுத்தும் ஒண்ணுபோல இருக்கு. எம் பேரு பளிச்சுன்னு தெரியணும்யா. நூத்தி நாப்பதுக்கு மேல போன வெலை அம்புட்டும் பளிச்சுன்னு இருக்கணும். தேட்டரு வாசல்ல பல்பு போட்டாப்ல. கண்ணாடிக்கு வெளிய நிக்கிறவனுக்குத் தெரிய வேணாமா?"

அரை மணி நேரத்தில் தம்பி செய்து கொடுத்தான். ஓட்டிக் காட்டினான். கறுப்புத் திரையில் பிச்சைமணியின் பெயர் பச்சைப் பட்டைக்கு நடுவே நின்றது. நூற்று நாற்பதைத் தாண்டிய விலைகள் பக்கம் முழுவதும் விளக்கு வைத்தது போல மினுங்கின. பிச்சைமணி உடம்பைத் திருப்பி, கண்ணாடிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். சலிக்கிற பெண்கள் இரண்டு பேர்தான் நின்றார்கள். அதுவும் போதும்தான். தம்பிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். இப்படி ஒரு மாற்றம் செய்ததைச் சந்திரவல்லியிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அவள் வழக்கம் போல எடிட்டருக்குள் இருந்து லிஸ்டை ஏவினாள். பாதிப் பக்கம் குப்பையாக வந்து விழுந்தது. விலைக்கு முன்னால் நாலைந்து குறி, பின்னால் நாலைந்து குறி. அந்தக் குறிகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் எடை இருக்க வேண்டிய இடத்தில் விலை நின்றது. எடையின் கடைசி எண் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது. தன் கை ஏதோ தவறாகப் பட்டுவிட்டது என்று நினைத்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். திரும்ப அடித்துப் பார்த்தாள். கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் அழித்தாள். நூற்று முப்பது லாட்டு. முதல் வாரம் எப்படியோ ஒப்பேறியது. இரண்டாம் வாரம் பதினேழு இடங்களில் குப்பை தப்பித் தாளில் ஏறிவிட்டது.

ஏலத்தன்று காலையில் லிஸ்ட் வியாபாரிகள் கைக்குப் போனது. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசையாகச் சிரித்தார்கள்.

"என்னண்ணே, ஒங்க மிஷினு மெட்டத் தாண்டிப் போயி மலையாளம் பேசிட்டு வந்துருக்கா?"

"மலையாளம்னா நமக்குத் தெரியுமேய்யா. இது வேற."

மொக்கையன் சிரிக்கவில்லை. தன் லாட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணே, எங் காயி எண்பத்தி மூணு கிலோ. இதுல எட்டு ஒரு பக்கம் கெடக்கு, மூணு ஒரு பக்கம் கெடக்கு. நாளைக்குத் துட்டு குடுக்கயில எத வச்சுக் குடுப்பீக?" என்றார். அவர் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டதும் ஏலக் கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

பதினேழு வருஷத்தில் பிச்சைமணி கடை எடையை ஒருவர் சந்தேகமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மதுரைக்கு டிரங்கால் போனது. தம்பி மறுநாள் மதியம் வந்தான். நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். எடிட்டர் பக்கமே போகவில்லை. வெறும் திரையில் புரோகிராமை ஓட்டினான். பெயர் பளிச்சென்று வந்தது. விலைகள் பளிச்சென்று வந்தன. ஒரு குறி பிசகவில்லை.

"மிஷின் நல்லா இருக்கு சார். புரோகிராமும் நல்லா இருக்கு. ஆப்பரேட்டருதான் ஏதோ கீயை மாத்தி மாத்தி அழுத்துறாங்க போல."

சந்திரவல்லி சுவரோரம் நின்றிருந்தாள். திரையில் மினுங்கிய எழுத்துகளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். ஒரு அடி முன்னால் வந்தாள். "சார், இப்பப் பளபளன்னு தெரியிற எடத்துலதான் உள்ள ஓட்டும்போது..."

"சாரு சொல்றாருல்ல? வாய மூடிக்கிட்டுக் கேளு புள்ள" என்றார் பிச்சைமணி.

அவள் நிறுத்திக்கொண்டாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். அவன் போன பிறகு பிச்சைமணி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றார். மொக்கையனும் இன்னும் நாலைந்து தோட்டக்காரர்களும் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்.

"மிஷினுக்கு ஒரு கொறையும் இல்ல. படிச்ச ஆளு வந்து பாத்துச் சொல்லிட்டாரு. இவ கைதான் தோசம். ராசியில்லாத கை. தொட்டா எழுத்தெல்லாம் சிதறிப் போகுது. ஏ புள்ள, நாளையிலருந்து வராத."

சந்திரவல்லி உள்ளே போய் மிஷினை முறையாக அணைத்தாள். உறையைப் போட்டு நான்கு மூலையையும் இழுத்துவிட்டாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு போனாள். அழுதாளா என்று அமாவாசையால் பார்க்க முடியவில்லை. மழை தூற ஆரம்பித்திருந்தது.

அதன் பிறகு ஐப்பசி மழை விடவில்லை. மலையை மேகம் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் அமாவாசை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தப் பொண்ணு தாயாரோட ஜீப்புல பறிப்புக்குப் போகுதாம்." லிஸ்டை அமாவாசை கையால் எழுதினார். ஏலத்துக்கு வந்த சாக்குகள் குறைவு. மொக்கையன் இரண்டு மூட்டையை வேறு கடையில் இறக்கியதாகச் செய்தி வந்தது. மழைக்குத்தான் வரத்து குறைகிறது என்று பிச்சைமணி எல்லோரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு, நம்பினார்களா என்று முகத்தைப் பார்த்தார்.

ஒருநாள் மத்தியானம். வெளியே சடசடவென்று கொட்டுகிறது. கடையில் ஈ காக்கை இல்லை. பிச்சைமணி கண்ணாடி அறைக்குள் போனார். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"அமாவாச, இங்கிட்டு வா. அந்தப் புள்ள செய்யிறத நீ பாத்துருக்கேல்ல? உள்ள இருந்து ஒருக்கா ஓட்டு."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"தெரிஞ்ச மட்டும் ஓட்டுய்யா. அவரு கடிக்க மாட்டாரு."

அமாவாசை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். குப்பை வந்து விழுந்தது. சந்திரவல்லியின் விரல் படாமலே விழுந்தது. அமாவாசை முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிச்சைமணிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எண் தெரியும். அதனால் படித்தவர்கள் போல அவர் கண் சொல்லைத் தேடி ஓடவில்லை. சொளகில் கொட்டிய காயைப் பார்க்கிற மாதிரி உருவத்தைப் பார்த்தது. ஒரு கூரை. இரண்டு பெட்டி. ஓர் ஏழு. கடைசியில் மூன்று காலோடு ஒரு எழுத்து. அடுத்து விலை. விலைக்குப் பின்னாலும் அதே கூரை, அதே பெட்டிகள், அதே மூன்றுகாலி. ஏழுக்குப் பதில் ஒரு முட்டை. விரலை வைத்து வரி வரியாக இறங்கினார்.

"ஏழு போட்டுத் தொறக்குது. முட்டை போட்டு மூடுது."

"ஆமாங்க."

"நூத்தி முப்பத்தெட்டுக்கு ஒரு எழவும் இல்ல பாரு. நூத்தி நாப்பத்தொண்ணுக்கு இருக்கு. இந்தா, நூத்தி நாப்பத்தாறு, இருக்கு. நூத்தி இருவது, இல்ல." விரல் மேலே ஏறி, பக்கத்தின் தலைக்குப் போயிற்று. "இது என்ன?"

"ஒங்க பேருங்க."

பெயருக்கு முன்னால் ஓர் ஏழு நின்றது. பின்னால் ஒரு முட்டை.

"வெளிய வந்து ஓட்டு."

வெளியே வந்து ஓட்டினார் அமாவாசை. அதே பெயர், அதே விலைகள். குப்பை இல்லை. இருந்த இடமெல்லாம் மினுமினுத்தது.

பிச்சைமணி நாற்காலியில் சாய்ந்தார். எழுபத்தாறில் கம்பம் பக்கத்துக்காரன் ஒருவன் மூன்று மூட்டை காய் கொண்டுவந்தான். கண்ணைப் பறிக்கிற பச்சை. தட்டில் வைத்தால் எடுத்துத் தின்னலாம் போலிருக்கும். பிச்சைமணி ஒரு பிடி அள்ளி, டம்ளர் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டு, அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். காப்பி குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் பச்சையாகியிருந்தது. காய் வெளுத்துக் கிடந்தது. தட்டில் இருக்கிற வரை சாயம் காயோடு காயாகத் தெரியும். தண்ணீரில் விட்டால் சாயம் வேறு, காய் வேறு.

"சாயம்டா அமாவாச" என்றார் மெதுவாக. "வெளியில இருக்கயில ஒட்டிக்கிட்டு மினுங்குது. உள்ள போனா தனியாப் பிரிஞ்சு வந்துருது." கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதி அவருக்கு உறைத்தது. இந்தச் சாயத்தைப் பூசச் சொன்னது யார் என்பது.

டெலிபோனை எடுத்தார். மதுரை கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை எழுந்திருக்கவில்லை.

"தம்பி, ஒரு பளபளப்பு போட்டியே, அது எழுத்தோட சேந்து வருதா, தனியா வருதா?"

"தனியாத்தான் சார். முன்னால ஒரு குறி, பின்னால ஒரு குறி அனுப்புவோம். ஸ்கிரீன் அதைப் புரிஞ்சுக்கிட்டு நடுவுல இருக்கறதப் பளிச்சுன்னு காட்டும்."

"புரிஞ்சுக்காத எடத்துல?"

"அந்தக் குறியே எழுத்தா விழும் சார். எடிட்டருக்குள்ள ஓட்டுனா அப்படித்தான் விழும். அவங்க எடிட்டருக்குள்ள ஓட்டுறாங்களா? அன்னிக்கே சொல்லிருக்கலாமே சார்."

பிச்சைமணி ரிசீவரை அமாவாசையிடம் கொடுத்துவிட்டார். தம்பி சொல்லச் சொல்ல அமாவாசை புரோகிராமில் பளபளப்புக்கென்று இருந்த '1' என்ற எண்ணை அழித்துச் சுழியம் போட்டார். உள்ளே இருந்து ஓட்டினார். லிஸ்ட் துடைத்துவிட்டது போல வந்து விழுந்தது. பிச்சைமணியின் பெயர் மற்ற எழுத்துகளோடு ஒன்றாக, எதுவென்று தேட வேண்டிய மாதிரி நின்றது.

"அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பு..." என்று ஆரம்பித்தார் அமாவாசை.

"இந்த வாரத்து லிஸ்ட்ட அடிய்யா."

"ராத்திரி ஆயிருமுங்க."

"ஆகட்டும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டில் பிச்சைமணியைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். கார் இல்லாமல் நடந்து வந்திருந்தார். கையில் குடை, சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாள்கள். டீக்கடையில் லோடுமேன்கள் எழுந்து நின்றார்கள். வழக்கமாக அப்போது அவர் ஒரு சொல்லாவது வீசுவார். அன்றைக்கு யாரையும் பார்க்கவில்லை.

மூன்றாவது ஜீப்பில் பதினாறு பெண்கள் அடைந்திருந்தார்கள். தலையில் சாக்குக் கொங்காணி, மடியில் தூக்குச்சட்டி. பின்பக்கம் ஓரமாகச் சந்திரவல்லி. அவள் தோளில் ஒட்டிக்கொண்டு வீரலட்சுமி. வீரலட்சுமிதான் முதலில் பார்த்தாள்.

"என்ன மொதலாளி, மலைக்கு வர்றீகளா? ஏறுங்க, எடம் தர்றோம். கூடை வேணும்னாலும் இருக்கு."

ஜீப்புக்குள் சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது. பிச்சைமணி உடம்பைத் திருப்பிச் சந்திரவல்லியை நேராகப் பார்த்தார்.

"மிஷினு சரியாப் போச்சு ஆத்தா."

"நல்லதுங்க."

"வா. எறங்கு. அம்பது ரூவா கூடப் போட்டுத் தர்றேன்."

"கார்த்திகை முடிய வர்றேன்னு கங்காணிகிட்டப் பேரு குடுத்தாச்சு மொதலாளி."

"அவங்கிட்ட நாஞ் சொல்லிக்கிறேன்."

"அவருகிட்டச் சொல்லிக்கிருவீக." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்குப் பெஞ்சுல ஒக்காந்துருந்தாகளே, அவுகளுக்கு என்ன சொல்லுவீக? எங்க தெருவுல போற வார சனமெல்லாம் எங் கையப் பாக்குது. கல்யாணம் பேச வந்தவுக மறுநாளே ஆளு விட்டு வேணாம்னு சொல்லிட்டாக. மலையில அந்தத் தொல்ல இல்ல. காய் பறிக்கிற கையில ராசி பாக்க மாட்டாக."

வீரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கடையில் கிளாஸ் சத்தம் நின்றிருந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிச்சைமணிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. லோடுமேன், தோட்டக்காரர், வியாபாரி வீட்டு ஆள் என்று ஊரே நின்றது. தொண்டையைச் செருமினார். கூடம் அதிரப் பேசுகிற தொண்டை அது.

"அது... அந்த மதுரக்காரப் பயதான் அப்பிடிச் சொல்லிட்டான்" என்றார்.

சந்திரவல்லியின் முகத்தில் கோபம்கூட வரவில்லை. அவரிடமிருந்து வேறெதையும் எதிர்பார்க்கவில்லை என்பது போல மடியிலிருந்த தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திவிட்டாள். கங்காணி வந்து தலைகளை எண்ணினான். "ஆளு செரி, எடுக்கலாம்" என்று தகரத்தில் தட்டினான்.

டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். அந்தச் சத்தத்துக்குள் பிச்சைமணி குனிந்து வேகமாகச் சொன்னார்: "நாந்தான் ஆத்தா. பளபளப்புப் போடச் சொன்னது நாந்தான். நீ சொல்ல வந்தத நாந்தான் மறிச்சேன்."

"என்ன?" என்றாள் அவள், காதைச் சாய்த்து.

அவர் மறுபடி சொல்லவில்லை. சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தார். லிஸ்டை உருவி, ஜீப்புக்குள் நீட்டினார். நூற்றுப் பதினெட்டு லாட்டு, மூன்று பக்கம், ஒரு குப்பை இல்லாமல். ராத்திரி முழுக்க அமாவாசை அடிக்க, பக்கத்தில் உட்கார்ந்து வாங்கி வந்தது.

சந்திரவல்லி வாங்கினாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. பெண்கள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அவள் தலைப்பைப் பார்த்தாள். பெயர்களில் நிற்காமல் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். அதன் நடுவில் கண் நின்றது. அறுபத்து மூன்றாம் லாட்டு இரண்டு தடவை வந்திருந்தது. அறுபத்து நாலு இல்லை.

பேனா இல்லை அவளிடம். இரண்டாவது அறுபத்து மூன்றுக்கு அடியில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு கோடு கீறினாள். தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். ஜீப்பு நகர்ந்தது. மெட்டுக்குப் போகிற சாலையில் திரும்பி, மழைக்குள் மறைந்தது.

பிச்சைமணி குடையை விரிக்கவில்லை. தாளில் தூறல் விழ ஆரம்பித்தது. நகம் பட்ட தடம் நனைந்தால் தெரியாமல் போய்விடும். அந்த இடத்தின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தி மூடிக்கொண்டார். விரலை எடுக்காமலே கடையை நோக்கி நடந்தார்.